புதுப்பிப்பு: 1911 கைத்துப்பாக்கியின் பிடிப்பலகைகளை மாற்றிவிட்டேன்

கோல்ட் 1911 கைத்துப்பாக்கியின் விரிசல் விட்ட மரப்பிடிகளை, டெக்சாஸில் உள்ள என் வீட்டிலேயே மாற்றலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இந்த வாரம் மாற்றி முடித்தேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றி, அதன் பிறகே ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் சுண்டுவிரலால் தடவியும் இருமுறை உறுதி செய்துகொண்டேன். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்: தோட்டாக்களுள்ள மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்துவிட்டால், அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

பக்கத்துக்கு இரண்டாக நான்கே திருகுகள். திருகின் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் பொருந்தும் திருப்புளியைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் திருகின் தலை சிதைந்து, பக்கத்து மரத்திலும் கீறல் விழும். மூன்று எளிதாகக் கழன்றன. நான்காவதைத் திருப்பியபோது, அதைத் தாங்கும் சிறு புஷ்ஷும் (உலோக வளையமும்) துப்பாக்கியின் உலோகச் சட்டத்திலிருந்து சேர்ந்தே கழன்று வந்தது. அதன் மரை மிகவும் நுண்ணியது. கோணலாக ஏற்றினால் சட்டத்தின் மரையே கெட்டுவிடும் என்பதால், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பொருத்திக்கொண்டேன். அதற்காக ஒரு வாரம் காத்திருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புதிய வால்நட் பலகைகள் இடைவெளியின்றி அமர்ந்துள்ளன. திருகுகளை, பலகை அசையாத அளவுக்கு மட்டுமே இறுக்கினேன்.