பிரஷர் வாஷ் வேலை: கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் சரியாக வர என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே, பிரஷர் வாஷர் (தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் இயந்திரம்) வைத்து தரை, சுவர் எல்லாம் கழுவிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். வேலை நன்றாக வருகிறது, ஆனால் அதைப் படத்தில் காட்டத்தான் முடியவில்லை.

முதல் சிக்கல் ஈரம். கழுவிய சிமெண்ட் தரை ஈரத்தில் கருத்துத் தெரிவதால், பின் படம் முன் படத்தைவிட அழுக்காக இருப்பது போல் விழுகிறது. காயும்வரை காத்திருந்தால் அதற்குள் வெயில் நகர்ந்து நிழல் குறுக்கே வந்துவிடுகிறது. நீங்கள் மறுநாள் போய் எடுக்கிறீர்களா?

அப்புறம் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பாசி படிந்த கருந்தரையை வெளுப்பாக்குகிறது, கழுவிய வெளிர் தரையை மங்கலாக்குகிறது. மணிக்கணக்கில் பாடுபட்டுக் கொண்டுவந்த வித்தியாசத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை லாக் செய்து பார்த்தேன், ஆனால் 2 மணி நேரம் கழித்து அதே அளவைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? புரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் கேமரா முறை) ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) குறித்து வைத்து எடுப்பவர்கள் இருக்கிறீர்களா, வானம் மேகமூட்டமாகிவிட்டால் என்ன செய்கிறீர்கள்?

இரண்டு படமும் ஒரே கோணத்தில் வர ஒரு வழி கிடைத்தது: தூண் அல்லது கதவு நிலையைப் படத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிற்கும் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டால் அது தண்ணீரில் போய்விடும். பழைய படத்தை மங்கலாகத் திரையில் காட்டும் கேமரா ஆப் எதையாவது பயன்படுத்தியவர்கள் பெயர் சொல்லுங்கள்.

பாதி கழுவிய நிலையில் எடுக்கும் ஒரே படம் போதுமா என்றும் யோசிக்கிறேன், ஒரே வெளிச்சம் என்பதால் அதை யாரும் சந்தேகப்பட முடியாது. ஃபில்டர் போட்டு ஏமாற்ற எனக்கு மனமில்லை. உங்கள் படங்கள் இருந்தால் கீழே போடுங்கள்.