கார் மாத்தும்போது மாற்றுத்திறனாளிக்கான ரோட் ரக்ஸ் (வாகன வரி) விலக்கு: இங்கிலாந்து நடைமுறை தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

கோண்டாவில்_பெறாமகன்:

வணக்கம். என்ர சித்தப்பா லண்டன் ஹரோவில இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குத் தூரம் நடக்கேலாது. பிப் (PIP) எண்ட மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவில, நடமாட்டத்துக்கான மொபிலிற்றிப் பகுதி கூடின வீதத்தில, அதாவது என்ஹான்ஸ்ட் ரேற்றில கிடைக்குது. இப்ப நிக்கிறது 2013 டீசல் கார், ரக்ஸ் பூச்சியம். புதுசா 2019 பெற்றோல் கார் ஒண்டுக்கு டீலரிட்ட அட்வான்ஸ் குடுத்திருக்கினம். பழசைத் தனி ஆளுக்கு வித்தால் கூடக் காசு வரும் எண்டு யோசிக்கினம். அப்பிடியெண்டால் ரெண்டு கிழமைக்கு ரெண்டு காரும் வீட்டில நிக்கும். ஓட்டுறது மகன்.

கடதாசி அலுவலை நான்தான் இஞ்ச யாழ்ப்பாணத்தில இருந்து வாட்ஸப்பில படம் பார்த்துச் செய்து குடுக்கிறன். நாலு விசயம் தெளிவில்லை. பழைய காரில இருக்கிற விலக்கு புதுக்காருக்குத் தானா மாறுமா? டீலர், "இப்ப ஒன்லைனில கட்டிப்போட்டுக் காரைக் கொண்டுபோங்கோ, விலக்கைப் பிறகு பார்க்கலாம்" எண்டுறார், அது சரியா? லொக் புக்கை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தை, மகன்ர பேரில எடுத்தால் விலக்கு இல்லாமல் போகுமா? கடைசியா, சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூண்டு மாதம் மட்டில இஞ்ச நிக்கப்போறார். அந்த நேரம் கார் என்ன பாடு?

சுன்னாகம்_கடதாசி:

தம்பி, டீலர் சொன்னபடி செய்யவேண்டாம் எண்டு முதல்ல மகனுக்குச் சொல்லிவிடுங்கோ. காரணம் கீழ சொல்லுறன்.

விலக்கு ஆளுக்குத்தான், காருக்கில்லை. பஸ் சீசன் ரிக்கற் மாதிரி, ஆள் எந்த பஸ்ஸில ஏறினாலும் ரிக்கற் அவர்ர பேரிலதான் இருக்கும். ஆனால் கார் மாறினால் அது தானாப் பின்னால வராது. ஒவ்வொரு புதுக்காருக்கும் திரும்பக் கேட்கவேணும். முதல் தரம் கேட்கிறதை ஒன்லைனில செய்யேலாது. வாகன ரக்ஸ் அலுவல் பார்க்கிற போஸ்ற் ஒபிசுக்கு நேரில போகவேணும். எல்லாக் கிளையும் அந்த அலுவல் பார்க்காது, போக முதல் விசாரியுங்கோ. ஒருக்கா அந்தக் கார் விலக்கு வகைக்குள்ள போயிட்டால் அடுத்தடுத்த வருசம் ஒன்லைனில புதுப்பிக்கலாம். பூச்சியம் எண்டாலும் வருசா வருசம் புதுப்பிக்கத்தான் வேணும். கட்ட ஒண்டும் இல்லைத்தானே எண்டு விட்டால் 80 பவுண் தண்டம் வரும், 33 நாளுக்குள்ள கட்டினால் 40.

கொண்டுபோக வேண்டியது: சித்தப்பான்ர பேரில லொக் புக் (வி5சி) வந்திருந்தால் அது. வரேல்லை எண்டால் டீலர் கிழிச்சுத் தாற பச்சை நிறத் துண்டு, வி5சி/2 எண்டுறது. வாகன ரக்சுக்கு விண்ணப்பிக்கிற வி10 படிவம் நிரப்பிக் கையெழுத்து வைச்சு. ரக்ஸ் தொடங்கிற நாளில எம்ஓரி (வருடாந்த வாகனத் தகுதிச் சோதனை) செல்லுபடியா இருக்கவேணும், 2019 கார் எண்டபடியால் கட்டாயம் எம்ஓரி வேணும். பிறகு பிப் குடுக்கிற அரச திணைக்களமான டிடபிள்யூபி அனுப்பின பிப் தகுதிக் கடிதம். அது மூலப்பிரதியா இருக்கவேணும். போனில இருக்கிற படத்தைக் காட்டி அலுவல் நடக்காது. கடிதத்தில என்ஹான்ஸ்ட் மொபிலிற்றி எண்டு தெளிவா இருக்குதோ, எந்தத் திகதி வரைக்கும் எண்டு போட்டிருக்குதோ, பேரும் விலாசமும் சரியோ எண்டு நீங்களே படத்தில பெருப்பிச்சுப் பாருங்கோ. கூடுதலா ஆக்கள் திரும்பி வாறது இந்தக் கடிதத்தாலதான். அன்றாட வாழ்க்கைக்கான டெய்லி லிவிங் பகுதிக்கு என்ஹான்ஸ்ட் கிடைச்சு, மொபிலிற்றிக்கு ஸ்டாண்டர்ட் கிடைச்ச ஆக்கள் என்ஹான்ஸ்ட் எண்ட சொல்லைக் கண்டவுடன போயிடுவினம். மொபிலிற்றி வரியை மட்டும் பாருங்கோ.

இப்ப டீலர்ர கதை. ரக்சை நீங்கள் மாதத்தில எந்த நாள் கட்டினாலும் அந்த மாதம் முழுக்கக் கட்டினதாத்தான் கணக்கு. திருப்பித் தரேக்க மிஞ்சி இருக்கிற முழு மாதங்களுக்கு மட்டும் தருவினம். மே 28 கட்டிப்போட்டு ஜூன் 2 விலக்குக்கு மாத்தினால் மே, ஜூன் ரெண்டும் போச்சு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிஞ்ச சாதாரணக் காருக்கு 2025-26 வரிவருசத்தில வருசம் 195 பவுண். அந்தக் கணக்கில பன்னிரண்டில ரெண்டு பங்கு, 32.50 பவுண் சும்மா போகும். கிரெடிற் காட் கட்டணம், ஆறு மாதத்துக்குக் கட்டினால் போடுற 10 வீத மேலதிகம் ரெண்டும் திரும்பி வராது. மிச்சம் செக்கா லொக் புக்கில இருக்கிற பேருக்கும் விலாசத்துக்கும் வரும். அதுக்கு 8 கிழமை வரைக்கும் பொறுக்கவேணும்.

ஆகவே காரை எடுக்கிற நாளை வேலை நாளா வையுங்கோ. காலமை காசைக் கட்டிப் பச்சைத் துண்டை வாங்கிக்கொண்டு நேரா போஸ்ற் ஒபிஸ், அங்க அலுவல் முடிஞ்ச பிறகு கார். சனி பின்னேரம், ஞாயிறு எண்டு நாள் குறிச்சால் கட்டிப்போட்டு எடுக்கிறதைத் தவிர வழி இராது.

நீஸ்டன்_கராஜ்:

மேல அண்ணை சொன்னது முழுக்கச் சரி. ரெண்டு கிழமை ரெண்டு கார் நிக்கிற விசயத்தை நான் சொல்லுறன், பிழைக்கிறது அங்கதான்.

ஒரு நேரத்தில ஒரு காருக்குத்தான் விலக்கு. பழசில விலக்கு ஓடிக்கொண்டிருக்கேக்க புதுசுக்கும் கேட்கேலாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பழசு விக்குமட்டும் விலக்கை அதில வைச்சுக்கொண்டு புதுசுக்குக் காசு கட்டுறது. மற்றது, பழசை டிரைவ்வேயில ஏத்தி நிப்பாட்டி, சோர்ன், அதாவது கார் றோட்டில இல்லை எண்டு அறிவிச்சு, விலக்கைப் புதுசுக்கு எடுக்கிறது. சோர்ன் ஒன்லைனில அஞ்சு நிமிச வேலை, லொக் புக்கில இருக்கிற 11 இலக்க நம்பர் காணும். ஆனால் சோர்ன் போட்ட கார் றோட்டில நிக்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது. வாங்க வாற ஆள் ஓடிப் பார்க்கவேணும் எண்டால் நடக்காது. முன்கூட்டி நாள் எடுத்த எம்ஓரி சோதனைக்குக் கொண்டுபோறதுக்கு மட்டும்தான் இடம். டிரைவ்வே இல்லாத வீடு எண்டால் இந்த வழியை மறந்துவிடுங்கோ.

மூண்டாவதா ஒண்டு ஆக்கள் செய்வினம்: விலக்கைப் புதுசுக்கு எடுத்துப்போட்டுப் பழைய டீசலுக்குக் காசு கட்டி ஓடுறது. அதில ஒரு பொறி இருக்கு. 2023 ஓகஸ்ட் 29 தொடக்கம் ஹரோவும் யூலெஸ் எண்ட, புகை கூடின வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடுற எல்லைக்குள்ள. 2013 டீசல் பெரும்பாலும் கட்டணமில்லாமல் ஓடத் தேவையான யூரோ 6 புகைத் தரத்தில இல்லை. இவ்வளவு நாளும் கட்டணம் வராததுக்குக் காரணம் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயின்ர பதிவில அந்தக் கார் மாற்றுத்திறனாளி வரிவகையில நிக்கிறது. அந்தச் சலுகை 2027 ஒக்ரோபர் 24 வரைக்கும் இருக்கு. வகையை மாத்தின உடன அது போகும், ஓடுற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். கமெரா படம் எடுத்து, கட்டாட்டில் தண்டக் கடிதம் வந்த பிறகுதான் கன பேர் கண்டுபிடிக்கிறவை. வாங்கப்போற ஆளுக்கும் இதை நேர்மையாச் சொல்லிவிடுங்கோ. லண்டனுக்குள்ள இருக்கிற ஆளுக்கு அந்தக் கார் தினச்செலவு.

வாங்கிறவருக்கு இன்னொரு அலைச்சல்: பழைய காரின்ர பூச்சிய ரக்ஸ் அவருக்குப் போகாது. இங்கிலாந்தில 2014 ஒக்ரோபர் 1 தொடக்கம் கண்ணாடியில ஒட்டுற வட்டத்துண்டும் இல்லை, ரக்ஸ் காரோட சேர்ந்து போறதும் இல்லை. ஊரில கண்ணாடியில ஒட்டியிருக்கிறதைப் பார்த்து நம்பிற பழக்கத்தில இஞ்சயும் வாங்கி ஓடிப்போட்டுத் தண்டம் கட்டின ஆக்கள் இருக்கினம். அவர் தன்ர பேரில வகையை மாத்தி ரக்ஸ் எடுத்த பிறகுதான் றோட்டில ஏத்தலாம், அதுக்கு அவரும் போஸ்ற் ஒபிஸ் போகவேணும்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், டீலர் குடுக்கிற பார்ட் எக்ஸ்சேஞ் (பழசைக் குடுத்துப் புதுசு எடுக்கிற) விலைக்கும் தனியா விக்கிற விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாட்டில் டீலரிட்டயே பழசைக் குடுக்கச் சொல்லுவன். ஒரே நாளில, ஒரே மேசையில முடியும். லொக் புக்கில மஞ்சள் பகுதி, டீலருக்குக் குடுக்கிறதுக்கான பகுதி 4. அதில இருக்கிற விபரத்தோட அவை முன்னாலயே ஒன்லைனில டிவிஎல்ஏக்கு அறிவியுங்கோ. டீலர் அனுப்புவார் எண்டு விட்டுப்போட்டு வரவேண்டாம். அறிவிப்புப் போகுமட்டும் பழைய காருக்குப் பொறுப்பு சித்தப்பாதான், விலக்கும் அதிலதான் மாட்டிக்கொண்டு நிக்கும்.

சுன்னாகம்_கடதாசி:

மகன்ர பேர் பற்றிக் கேட்டதை விட்டிட்டன். லொக் புக் சித்தப்பான்ர பேரில இருக்கலாம், இல்லாட்டில் அவர் நியமிச்ச சாரதி எண்ட முறையில மகன்ர பேரில இருக்கலாம். ரெண்டுக்கும் விலக்கு உண்டு. லொக் புக்கில இருக்கிறவர் பதிவுப் பொறுப்பாளர் மட்டுமே, சொந்தக்காரன் எண்டதுக்கு அது அத்தாட்சி இல்லை. காசு ஆர் குடுத்தது எண்ட ரசீதை வேற வையுங்கோ.

ஆர் பேரில இருந்தாலும் நிபந்தனை ஒண்டுதான்: கார் சித்தப்பான்ர தேவைக்கு மட்டும். அவரைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறது, அவர் வீட்டில இருக்க அவருக்கு மருந்து, சாமான் வாங்கப் போறது எல்லாம் அவர்ர தேவைதான். மகன் தன்ர வேலைக்குப் போய்வர, சிநேகிதரோட திரிய அந்தக் காரை எடுக்கக்கூடாது. மகனுக்கு அப்பிடியொரு கார் தேவை எண்டால் அதுக்குத் தனியா ரக்ஸ் கட்டின கார் வேணும். வேற வழி தேடவேண்டாம், பிப் இருக்கிற ஆளுக்குத்தான் கரைச்சல் வரும்.

இன்சூரன்சில பிரதான சாரதி மகன் எண்டே போடுங்கோ. தகப்பன்ர பேரைப் போட்டால் பிரிமியம் குறையும் எண்டு போடுறது பொய் விபரம், விபத்து நேரம் கைவிட்டிடுவினம். மாற்றுத்திறனாளிப் பார்க்கிங் அனுமதியான புளூ பாட்ஜ் ஆளுக்குரியது, கார் மாறினாலும் அதில ஒண்டும் செய்யத் தேவையில்லை.

கோண்டாவில்_பெறாமகன்:

பெரிய உபகாரம். டீலரிட்டயே பழசைக் குடுக்கிறதாத் தீர்மானிச்சாச்சு. கடிதத்தைத் தேடினால் முதல் பக்கம் மட்டும்தான் கிடைச்சது, மொபிலிற்றி விபரம் இருக்கிற பக்கம் இல்லை. சித்தப்பா ஜூலை 1 வெளிக்கிட்டு செப்டம்பர் 30 திரும்பிறதா ரிக்கற் பார்க்கினம்.

சுன்னாகம்_கடதாசி:

கடிதத்துக்கு டிடபிள்யூபியின்ர பிப் பகுதிக்குச் சித்தப்பாவே போன் பண்ணிப் புதுப்பிரதி கேட்கவேணும். பக்கத்தில மகன் இருந்து கதைக்கலாம், ஆனால் முதல்ல அவர் தன்ர பேர், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் சொல்லி உறுதிப்படுத்தவேணும். தபாலில வரும். வந்து கையில கிடைச்ச பிறகு கார் எடுக்கிற நாளைக் குறியுங்கோ, முதல்ல நாளைக் குறிச்சுப்போட்டுக் கடிதத்துக்கு ஓடவேண்டாம்.

ரிக்கற் திகதியைக் கட்டாயம் மாத்துங்கோ. 4 கிழமைக்கு மேல வெளிநாட்டில நிக்கிறதெண்டால் டிடபிள்யூபிக்கு அறிவிக்கவேணும். தற்காலிகமாப் போற ஆளுக்குப் பிப் 13 கிழமை வரைக்கும் தொடரும், வைத்தியத்துக்கெண்டு போனால் 26 கிழமை. 13 கிழமை எண்டால் 91 நாள். ஜூலை 1 தொடக்கம் செப்டம்பர் 30 வரைக்கும் எண்ணிப் பாருங்கோ, 92 நாள் வரும். மூண்டு மாதமும் 13 கிழமையும் ஒண்டெண்டு நினைச்சு மாட்டுப்படுறது இதிலதான். பிப் நிண்டால் ரக்ஸ் விலக்குக்கும் ஆதாரம் இல்லாமல் போகும். நல்லூர்க் கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரைக்கும் 25 நாள்தானே, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மாதம் வைச்சாலும் 13 கிழமைக்குள்ள வடிவா அடங்கும். விமானம் பிந்தினாலும் தாங்கிறமாதிரி ஒரு கிழமையாவது குறைச்சுப் போடுங்கோ.

அவர் இஞ்ச நிக்கிற காலத்தில கார் றோட்டில நிண்டால் ரக்சும் இன்சூரன்சும் ஓடிக்கொண்டே இருக்கவேணும். டிரைவ்வேயில எண்டால் சோர்ன் போடலாம், ஆனால் மூண்டு மாதத்துக்கு அது தேவையில்லை, விலக்கு பூச்சியம்தானே. மகன் அந்தக் காலத்தில தன்ர அலுவலுக்கு எடுக்காமல் இருக்கிறதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்லுவன். புது லொக் புக் ஹரோ விலாசத்துக்குத்தான் வரும், சித்தப்பா வெளிக்கிட முதல் அது வந்து சேர்ந்திட்டுதோ எண்டு பாருங்கோ. பச்சைத் துண்டைப் பத்திரமா வைச்சிருங்கோ. லொக் புக் வராட்டில் அந்தத் துண்டோட, லொக் புக் கேட்கிற வி62 படிவம் அனுப்பினால் கட்டணம் இல்லை, துண்டில்லாமல் அனுப்பினால் 25 பவுண்.

மானிப்பாய்_மருமகள்:

இதிலயே ஒண்டு கேட்கலாமோ? என்ர மாமி ஈஸ்ற் ஹாமில. அவவுக்கு மொபிலிற்றி ஸ்டாண்டர்ட் ரேற்தான். எலெக்றிக் கார் வாங்கினால் ரக்சே இல்லை எண்டு மச்சான் சொல்லுறார்.

நீஸ்டன்_கராஜ்:

அக்கா, மச்சான் சொல்லுறது பழைய கதை. 2025 ஏப்ரல் 1 தொடக்கம் எலெக்றிக் காருக்கும் ரக்ஸ் உண்டு. மாமிக்கு ஸ்டாண்டர்ட் எண்டபடியால் முழு விலக்கு இல்லை, அரைவாசிக் கழிவு உண்டு. 195 எண்டால் 97.50. பிப்புக்கு முந்தின டிஎல்ஏ கொடுப்பனவில குறைஞ்ச வீதக்காரருக்கு இந்த அரைவாசி இல்லை, பிப் ஸ்டாண்டர்ட் ஆக்களுக்கு மட்டும்.

இது போஸ்ற் ஒபிசிலயும் நடக்காது, ஒன்லைனிலயும் நடக்காது. தபாலில டிவிஎல்ஏ, சுவான்சி, எஸ்ஏ99 1டிஇசற் (SA99 1DZ) எண்ட விலாசத்துக்கு அனுப்பவேணும்: பிப் வீதமும் திகதியும் காட்டுற டிடபிள்யூபி கடிதம், லொக் புக், வி10, எம்ஓரி தேவையான கார் எண்டால் அதின்ர மூலப்பிரதி, அரைவாசிப் பெறுமதிக்கு "டிவிஎல்ஏ சுவான்சி" எண்டு எழுதின செக். கார் இன்னும் மாமியின்ர பேருக்கு வரேல்லை எண்டால் லொக் புக்குக்குப் பதிலா வி62ஓட பச்சைத் துண்டு. முழுத்தொகைக்குச் செக் எழுதிப்போட்டு மிச்சத்தைத் தருவினம் எண்டு இருக்கவேண்டாம், கணக்குச் சரியா அரைவாசிக்கு எழுதுங்கோ. பிப் மதிப்பீட்டு அறிக்கை, ஆஸ்பத்திரிக் கடிதம் ஒண்டையும் உறைக்குள்ள வைக்கவேண்டாம், வீதத்தைக் காட்டுற கடிதம் மட்டும் காணும்.