தினசரி வறுவலுக்கு ஏர் ஃபிரையர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: காரைக்குடி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் இருவர் உட்பட ஆறு பேர். மதியம் ஒரு வறுவல் இல்லாமல் இலை போட முடியாது. உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் என்று மாறி மாறி வரும், ஞாயிற்றுக்கிழமை என்றால் வஞ்சிரமோ கோழியோ இருக்கும். மாமனாருக்கு எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருப்பதால் ஏர் ஃபிரையர் வாங்கலாம் என்று நினைக்கிறோம். கடையில் 4 லிட்டர், 6 லிட்டர், கூடை வகை, கதவு வைத்த அடுப்பு வகை என்று அடுக்கிக் காட்டுகிறார்கள். பொத்தான்கள் அதிகம் உள்ளதுதான் நல்லது என்று விற்பனையாளர் சொல்கிறார். எங்களுடையது பழைய வீடு; அடுப்படி முற்றம் தாண்டி உள்ளே இரண்டாங்கட்டில் இருக்கிறது. எதை வாங்கினால் அன்றாடம் பயன்படும்?

மறுமொழி: பள்ளத்தூர் வாசகி

பொத்தான்களை மறந்துவிடுங்கள். மீன் படம், கோழி படம் போட்ட ஒவ்வொரு பொத்தானும் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே வைத்திருப்பதுதான். வெப்பத்தையும் நேரத்தையும் நாமே கூட்டிக் குறைக்க முடிந்தால் அதுவே போதும். இந்த இயந்திரத்தின் உள்ளே மேல்பக்கம் சூடாகும் ஒரு சுருளும், அந்தச் சூட்டைப் பொருளின்மீது வேகமாகச் சுழற்றும் ஒரு விசிறியும் இருக்கின்றன, அவ்வளவுதான். காற்று தொடும் இடம் சிவக்கும், தொடாத இடம் வேகும். ஆகையால் எத்தனை லிட்டர் என்பதைவிடக் கூடையின் அடிப்பரப்பு எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஆழமாகவும் குறுகலாகவும் உள்ள கூடையில் ஆறு பேருக்கான சேனையைக் கொட்டினால் மேலே உள்ளது முறுகும், அடியில் உள்ளது அவித்த கிழங்காகவே நிற்கும். உங்கள் வீட்டுக்கு 6 லிட்டருக்குக் குறையாமல், அகலமான சதுரக் கூடை உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே கூடையை வெளியே எடுக்கச் சொல்லி, அதில் நான்கைந்து மீன் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுக்குமா என்று கையால் அளந்து பார்ப்பது நல்லது.

நம் வறுவலுக்கு ஒரு சிக்கல் உண்டு. சோம்பு, பூண்டு, மிளகாய் அரைத்துத் தடவிய மசாலா 200 டிகிரியில் கிழங்கு வேகும் முன்பே கருகிக் கசந்துவிடும். சின்ன உருளைக்கிழங்கை முக்கால் பதத்திற்கு அவித்து, தோலுரித்து, ஒரு கரண்டி கடலெண்ணெயில் மசாலாவைக் குழைத்துப் பிசறி, 180 டிகிரியில் வைத்து, பாதியில் ஒருமுறை குலுக்கி விட்டால் நிறம் சரியாக வரும். கடுகு, கறிவேப்பிலைத் தாளிப்பை வெளியே அடுப்பில் செய்து கடைசியில் கொட்டுங்கள். உள்ளே போட்டால் கறிவேப்பிலை காற்றில் எழுந்து மேலே சுருளில் ஒட்டிக்கொண்டு புகையும். அப்பளமும் அப்படியே பறக்கும், மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்தால்தான் அடங்கும்.

மறுமொழி: தேவகோட்டை, மின்பணி செய்பவன்

ஆச்சி, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு சுவரைப் பாருங்கள். 6 லிட்டர் அளவுள்ளவை பெரும்பாலும் 1500 வாட்ஸ் அல்லது அதற்கு மேல் இழுக்கும். மிக்சி போடும் சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட்ஸ் வரைதான் தாங்கும். எனவே பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், அதற்குத் தனி வயரும் எர்த்தும் வேண்டும். வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) வைத்த பழைய வீடுகளில் முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரே மெல்லிய வயர் ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் எக்ஸ்டென்ஷன் பெட்டி சேர்த்து இதை ஓட்டுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். மற்றொன்று, வோல்டேஜ் 200 ஆக இறங்கினால் 1500 வாட்ஸ் சுருள் ஏறக்குறைய 1130 வாட்ஸ் சூடுதான் தரும். மாலையில் மின்சாரம் மங்கும் தெருவாக இருந்தால் செய்முறைப் புத்தகத்தில் போட்ட நேரத்தில் எதுவும் வேகாது. இயந்திரம் பழுது என்று எண்ண வேண்டாம். மின்கட்டணத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை, 20 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட்தான் போகும்.

மறுமொழி: கானாடுகாத்தான்

மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆறு பேருக்குக் கூடை வகையைவிடக் கதவு வைத்த அடுப்பு வகை வசதியானது என்பது என் எண்ணம். இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் மீனைப் பரப்பலாம், பிள்ளைகளுக்குக் கேக்கும் செய்யலாம். ஆனால் தட்டுகளை இடையில் இடம் மாற்ற வேண்டும், கோழிக் கொழுப்பு தெறித்த உட்சுவரைத் துடைப்பதும் எளிதல்ல. கூடை என்றால் கழற்றிக் கழுவிவிடலாம். எந்த வகையானாலும் நான்ஸ்டிக் பூச்சைக் கம்பி நாரால் தேய்க்க வேண்டாம். அழுத்தம் ஏற்றிய டப்பாவிலிருந்து எண்ணெய் தெளிப்பதும் பூச்சைக் கெடுக்கும்; கரண்டியால் ஊற்றிப் பிசறுவதே மேல். உதிரிக் கூடை தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் காரைக்குடியிலேயே உள்ளதா, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் பில் போடும் முன்பே கேளுங்கள்.

காரைக்குடி மருமகள்

மூவருக்கும் நன்றி. எலக்ட்ரீசியனை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறோம். வெள்ளைப் பணியாரமும் இதில் செய்துவிடலாம் என்று மாமியார் ஆசைப்படுகிறார்கள். முடியுமா?

பள்ளத்தூர் வாசகி

முடியாது. பச்சரிசியை அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்து வைத்து அரைக்கும் அந்த மாவு, காய்ந்த எண்ணெயில் விழுந்தவுடன் நாலாபக்கமும் சூடு பட்டு இறுகுவதால்தான் ஓரம் விரிந்து உப்புகிறது. காற்று அவ்வளவு விரைவாகச் சூட்டைக் கடத்தாது. மாவு உறையும் முன்பே கூடையின் ஓட்டைகள் வழியே ஒழுகிவிடும். சீயம், கந்தரப்பம், பஜ்ஜி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பணியாரம் சுடும் நாளில் வாணலியையே வையுங்கள், மாமனாருக்கு மட்டும் அதே மாவில் குழிப்பணியாரச் சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டு ஊற்றிக் கொடுங்கள். வடிவம் வேறாக இருக்கும், காரச் சட்னியோடு அவர் குறை சொல்ல மாட்டார்.