மின்புலமும் காந்தப்புலமும் சமச்சீர் என்றால் முப்பந்தல் காற்றாலையில் ஏன் காந்தம்?

கேள்வி:
வெற்றிடத்தில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் இடம் மாற்றினாலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் (இரு புலங்களுக்குமான அடிப்படை விதிகள்) மாறாது என்று படிக்கிறோம். நான் மாற்றிப் போட்டால் ஃபாரடே விதியில் (மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்பது) குறி இடிக்கிறது. இன்னொன்று, இவ்வளவு சமச்சீர் இருந்தும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் ஜெனரேட்டர் காந்தப்புலத்தில்தானே ஓடுகிறது? மின்தேக்கித் தகடுகளைச் சுழற்றி ஏன் மின்சாரம் எடுப்பதில்லை?

பதில் 1:
குறிக்கு மட்டும் சொல்கிறேன். மின்புலத்துக்குப் பதில் ஒளிவேகம் பெருக்கல் காந்தப்புலம். காந்தப்புலத்துக்குப் பதில் கழித்தல் குறியோடு மின்புலம் வகுத்தல் ஒளிவேகம். இரண்டிலும் கூட்டல் போட்டிருப்பீர்கள். ஃபாரடே விதியில் கழித்தல் உண்டு, ஆம்பியர்–மேக்ஸ்வெல் விதியில் (மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பது) இல்லை; அதற்குத்தான் இந்தக் கழித்தல். சரியாகப் போட்டால் முதல் விதி அப்படியே இரண்டாவதாக மாறிவிடும்.

பதில் 2:
தகடு சுழலும் ஜெனரேட்டர் செய்யலாம், ஆனால் திறன் போதாது. முறுக்குவிசை இடைவெளியிலுள்ள ஆற்றல் அடர்த்தியைப் பொறுத்தது. காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டில் முறிந்து பொறி பறக்கும். அந்த அளவில் கன மீட்டருக்கு 40 ஜூல்தான். இரும்பு உள்ளகம் எளிதாகத் தரும் 1 டெஸ்லாவில் ஏறக்குறைய 4 லட்சம் ஜூல். பத்தாயிரம் மடங்கு! மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டை ஒளிவேகத்தால் வகுத்தால், அதற்கு இணையான காந்தப்புலம் வெறும் 0.01 டெஸ்லா.

கேள்வி கேட்டவர்:
பேரியம் டைட்டனேட் போன்ற மின்காப்பை நடுவில் வைத்தால்?

பதில் 2:
சுழல வேண்டுமே, எங்காவது காற்றிடைவெளி விட்டாக வேண்டும். முறிவு அங்கேதான் தொடங்கும். இடைவெளி சில மைக்ரானாகச் சுருங்கினால் காற்று இன்னும் வலுவான புலத்தைத் தாங்கும். அதனால்தான் செல்போனின் சுழற்சியை உணரும் கைரோஸ்கோப் சில்லுக்குள் இருக்கும் நுண்பாகத்தை மின்புலமே அசைக்கிறது.

பதில் 3:
உங்கள் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். வெற்றிடச் சமன்பாட்டில் உள்ள சமச்சீர், மின்னூட்டம் நுழைந்ததும் உடைகிறது, ஏனென்றால் காந்தத்துக்குத் தனி ஊட்டம் கிடையாது. காற்றில் மின்புலம் எலக்ட்ரான்களை முடுக்கிப் பெருக்கி, தன்னையே அழித்துக்கொள்கிறது. நிலையான காந்தப்புலம் மின்னூட்டத்தின் மீது வேலை செய்யாது, காந்த ஊட்டமும் சுற்றித் திரியவில்லை; ஆகவே அப்படிப்பட்ட முறிவு அதற்கு இல்லை. இரும்பின் தெவிட்டல் (அதற்கு மேல் காந்தமாகாத நிலை), சுருளின் சூடு, புலம் தரும் விசையழுத்தம் இவைதான் எல்லை. கன்னியாகுமரியிலேயே பாருங்கள்: புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது மீட்டருக்கு 12,000 வோல்ட்டுக்கு இணை. தெளிந்த வானில் தரையருகே மின்புலமோ 100 வோல்ட் அளவுதான்.

தனிக் காந்தமுனை (வடக்கு அல்லது தெற்கு மட்டும்) இருந்தால் சமச்சீர் முழுமையாகும். 1931-இல் இயற்பியலாளர் டிராக் காட்டியபடி அதன் மிகச்சிறிய அளவு 4.14×10⁻¹⁵ வெபர். மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) வளையத்துக்குள் அது புகுந்து போனால் வளையத்தின் காந்தப் பாயம் 2 குவாண்டம் (பாயத்தின் மிகச்சிறிய அலகு) துள்ளும். 1982-இல் இயற்பியலாளர் கப்ரேரா அப்படி ஒரு துள்ளலைப் பதிவு செய்தார். அது மறுபடி வரவில்லை.