ஹாப்பிஸ்பர்க்: கடல் தின்னும் ஊருக்குப் போனவர்கள் உண்டா? (அனுபவப் பகிர்வு)

கரைநடை எழுதியது:

இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குரோமரில் நண்டு சாப்பிட்டுவிட்டு, கிரேட் யார்மவுத்தில் பிள்ளைகளை விளையாடவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஹாப்பிஸ்பர்க் கிராமத்தைப் பற்றி இங்கே யாரும் எழுதிக் காணோம். வரைபடத்தில் பெயர் அப்படித்தான் இருக்கும், ஆனால் உச்சரிப்பு வேறு, பஸ்ஸில் ஏறி ‘ஹேஸ்ப்ரோ’ என்று கேளுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். போனவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள்.

தொலைவிலேயே கண்ணில் படுவது கலங்கரை விளக்கம். வயலுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம், அதில் மூன்று சிவப்புப் பட்டைகள், 26 மீட்டர் உயரம். 1789இல் அடித்த ஒரு புயலில் இந்தக் கரையோரமாக 70 கப்பல்களும் 600 உயிர்களும் போயின. அதற்கு அடுத்த ஆண்டு இங்கே பெரியதும் சிறியதுமாக இரண்டு விளக்கங்களைக் கட்டினார்கள். இரண்டு வெளிச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறபடி கப்பலைச் செலுத்தினால் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டில் மோதாமல் தப்பிக்கலாம். சிறியதைக் கடல் நெருங்கிவிட்டதால் 1883இல் இடித்துவிட்டார்கள்.

பெரியதற்கு ஆபத்து வந்தது கடலால் அல்ல. 1987இல், விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸ் இது இனித் தேவையில்லை என்று முடிவுசெய்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று நின்று, 1990இல் நாடாளுமன்றத்தில் இதற்கென்றே ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைத்துவிட்டார்கள்! பிரிட்டனில் சுயேச்சையாக இயங்கும் ஒரே கலங்கரை விளக்கம் இதுதான். இன்றும் 30 விநாடிக்கு மூன்று முறை மின்னுகிறது. கோடையில் சில நாட்களில் மட்டும் உள்ளே விடுவார்கள். நான் போன அன்று திறந்திருந்தது. 112 படி, மூச்சு வாங்கும், ஆனாலும் ஏறுங்கள். மேலே நின்றால் ஊர் எவ்வளவு விளிம்பில் இருக்கிறது என்று தெரியும்.

கீழே இறங்கி பீச் ரோடு பக்கம் நடந்தேன். கடலை நோக்கிப் போகிற சாலை வேலிக்கு முன்னால் முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் வெறும் பள்ளம். நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் தண்ணீரை நோக்கிக் கை நீட்டி, அங்கேதான் நாங்கள் சின்ன வயதில் விளையாடுவோம் என்றார். சோகமாகச் சொல்லவில்லை, வழி காட்டுகிற மாதிரி சொன்னார்.

ஊர் நிற்கும் கரையோரக் குன்று, குன்று என்று பெயரே தவிர, அதில் பாறையே கிடையாது. பனியுகத்தில் பனியாறுகள் விட்டுப்போன மணலும் களிமண்ணும்தான். அலை அடியைக் கரைக்கிறது, மழைநீர் மேலிருந்து ஊறுகிறது, ஒருநாள் பொத்தென்று சரிந்துவிடுகிறது. 1953இல் வடகடல் பொங்கிவந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் கரையோரமாக மரத்தடுப்பு போட்டார்கள். 1990களில் அது உடைந்துபோனது. திரும்பக் கட்ட ஆகும் செலவு, காப்பாற்றப்படும் வீடுகளின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். 2002இல் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். அப்புறம் ஊர்க்காரர்களே ‘ஒரு கல் வாங்கித் தாருங்கள்’ என்று நிதி திரட்டி இன்னும் கொஞ்சம் கொட்டினார்கள். அது வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

தேவாலயத்தை அவசரமாகத்தான் பார்த்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகப்பூனை எழுதியது:

கரைநடை அண்ணா, அங்கே போய்ப் புனித மேரி தேவாலயத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வந்தீர்களா? எனக்கு அந்த ஊரில் பிடித்ததே அதுதான்.

கோபுரம் 110 அடி. பகலில் மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். ஆனால் உள்ளே போவதற்கு முன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். 1801 மார்ச்சில் இன்வின்சிபிள் என்ற 74 பீரங்கிப் போர்க்கப்பல் யார்மவுத்திலிருந்து புறப்பட்டது, கோபன்ஹேகன் போருக்குப் போகும் கடற்படையோடு சேர. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் அந்தப் படையில்தான் இருந்தார். கப்பல் அவரிடம் போய்ச் சேரவில்லை, இந்தக் கரைக்கு எதிரே மணல்திட்டில் ஏறி உடைந்தது. ஏறக்குறைய 400 பேர் இறந்தார்கள். கரை ஒதுங்கிய உடல்களை வண்டிகளில் ஏற்றி வந்து, 119 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். பெயர் இல்லை, கல் இல்லை. 1988இல் வடிகால் வெட்டும்போது எலும்புகள் வெளிப்பட்டன. பத்து ஆண்டு கழித்து, அதே பெயர் கொண்ட விமானந்தாங்கிக் கப்பலின் மாலுமிகள் வந்து நினைவுக்கல் வைத்தார்கள். நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் காகிதத்தை வைத்து எழுத்துகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே தூண்களைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். 1940இல் ஜெர்மன் விமானம் ஒன்று திரும்பிப் போகும் வழியில், சிக்கிக்கொண்டிருந்த குண்டை இங்கே உதறிவிட்டது. அதன் சில்லுகள் இன்னும் கல்லில் பதிந்திருக்கின்றன.

மண்வெட்டி எழுதியது:

தொல்லியல் படித்த காலத்தில் எங்கள் வகுப்பை இங்கே கூட்டிப்போனார்கள். எல்லாருக்கும் கலங்கரை விளக்கத்தோடு படம் எடுக்கும் ஆசை. ஆசிரியரோ கடல் இறங்கும் நேரம் பார்த்து எங்களைச் சேற்றில் இறக்கிவிட்டார்.

2000இல் நாயோடு நடந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இந்தக் கரையில் ஒரு கற்கோடரியைப் பார்த்தார். அதிலிருந்துதான் தொடங்கியது. அப்புறம் நடந்த அகழாய்வில் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கற்கருவிகள் கிடைத்தன. வட ஐரோப்பாவில் அவ்வளவு முன்பே மனிதர்கள் இருந்தார்கள் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2013 மே மாதம் புயலலை மணலை வாரிக்கொண்டு போனதும், அடியில் இருந்த பழைய சேற்றுப் படுகையில் குழிகள் தெரிந்தன. காலடிகள்! ஏறக்குறைய ஐம்பது, பெரியவர்களும் குழந்தைகளுமாகக் குறைந்தது ஐந்து பேர், அன்றைய தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் தெற்கு நோக்கி நடந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை. மழைக்கு நடுவே நீரை இறைத்து இறைத்துப் படமெடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அலை அவற்றை அழித்துவிட்டது.

ஆகவே அங்கே போய்க் காலடியைத் தேடாதீர்கள், அது கணினியில்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மறுபடி கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உப்புக்காற்று எழுதியது:

பேயை விட்டுவிட்டீர்களே! காலே இல்லாத உருவம், கழுத்துத் தோலில் தலை பின்னால் தொங்க, இரவில் ஒரு மூட்டையோடு வந்து விம்ப்வெல் தெருக் கிணற்றில் போடுமாம். பார்த்தவர்கள் கிணற்றில் ஆளை இறக்கியபோது சாக்குக்குள் பூட்சோடு கால்கள் கிடைத்தன, பிறகு மீதி உடலும். கள்ளக்கடத்தல்காரர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள் என்பது ஊர்க் கதை. இரவில் மக்கள் வெளியே வராமல் இருக்கக் கடத்தல்காரர்களே கட்டிவிட்டது என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. தடுப்புச் சுவர் கட்டவில்லை என்று எல்லாரும் வருந்துகிறோம். ஆனால் இங்கே சரிந்து விழும் மண்தான் தெற்கே உள்ள கரைகளுக்கு மணலாகப் போய்ச் சேர்கிறது. இதைக் கல்லால் மூடினால் அங்கே கரை மெலியும். பக்கத்து ஊரைக் கேட்டுப்பாருங்கள், வேறு பதில் வரும்.

கரைநடை எழுதியது:

சரிதான், அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. என் வருத்தம் சுவரைப் பற்றியதல்ல. பிறர் கரைக்கு மண் கொடுப்பதற்காக ஒருவர் வீடு போகிறது என்றால், அதற்கான விலையைப் பொதுவில் கொடுக்க வேண்டாமா? இங்கிலாந்தில் கடல் அரிப்புக்குச் சட்டப்படி இழப்பீடு கிடையாது. வீட்டை இடித்து அகற்ற 6,000 பவுண்டு வரை உதவித்தொகை, அவ்வளவுதான். 2012இல் மட்டும் ஒரு சோதனைத் திட்டத்தில் பீச் ரோட்டின் ஒன்பது வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடித்தார்கள். அதை வழக்கமாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

போகிறவர்களுக்கு: விளிம்பு ஓரம் நிற்காதீர்கள், குன்றடியில் உட்காரவும் வேண்டாம். கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டு மணலில் இறங்குங்கள். உயிர்காப்புப் படகு நிலையம் இப்போது ஊருக்குக் கீழே இல்லை, தெற்கே கார்ட் கேப்பில் இருக்கிறது. இங்கே இருந்த படகு இறங்கும் சரிவையும் அலை கொண்டுபோய்விட்டது.