பைத் அல்-ஷஅர்: மயிர்வீடா, கருங்கூடாரமா?

மீ.:
அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் புவியியல் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலைவனத்து அரபு நாடோடிகளான பெடோயின் மக்களின் 'பைத் அல்-ஷஅர்' கூடாரத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். நேர்ப்பொருள் 'மயிர்வீடு'. அப்படிப் போட்டால் வகுப்பே சிரிக்கும் என்கிறார் பாட ஆசிரியர். 'கருங்கூடாரம்' போதுமா?

இரா.:
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் அம்மா. 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்' என்று நெசவுப் பொருளாகவே சிலம்பு சொல்கிறது. கவரிமாவின் மயிரைச் சொல்ல வள்ளுவரும் கூசவில்லை. 'உரோமம்' வேண்டாம், ரகரம் மொழிமுதல் வராது என்று உகரத்தை ஒட்டவைத்த வடசொல். 'மயிர்மனை' என்பேன்.

செ.:
ஐயா, 'மயிர்மனை' என்றால் முடிதிருத்தகம் என்று நினைப்பார்கள். 'கரு'வும் உதவாது, திபெத்தின் யாக் மாட்டு மயிர்க் கூடாரமும் கறுப்புதான். இங்கே வேலை செய்வது வெள்ளாட்டு மயிர். பெண்கள் நூற்றுத் தரைத்தறியில் 60–75 செ.மீ. அகலப் பட்டைகளாக நெய்து, நீளவாக்கில் விளிம்போடு விளிம்பு தைக்கிறார்கள். நெசவு தளர்வானதால் வெப்பக் காற்று மேலே கசிந்துவிடும். மழையில் இழை ஊறிப் பருத்து இடைவெளி அடைபடும், முதல் தூறலில் மட்டும் கொஞ்சம் சொட்டும். கயிற்றை நேரே பட்டையில் கட்டினால் தையல் பிரியும். அதனால் குறுக்கே தைத்த தடித்த நாடாக்கள் இழுவிசையைத் தாங்குகின்றன. பெயரில் பொருள் இருந்தாக வேண்டும்: 'ஆட்டுமயிர்க் கூடாரம்'.

ந.:
'கூடாரம்' என்பதுதான் உறுத்துகிறது. மயிரில் நெய்தது அவர்களுக்கு 'பைத்', வீடு. கேன்வாஸ்தான் 'கைமா'. இரண்டையும் கூடாரம் என்றால் வேறுபாடே போய்விடும்.

இரா.:
முல்லைப்பாட்டின் 'நெடுங்காழ்க் கண்டம்', நெடிய கம்பங்களில் கட்டிய திரை, இருக்கிறதே! நடுக்கம்பத்துக்குக் 'காழ்' என்றே சொல்லலாம். காபி அடுப்பு உள்ள ஆண்கள், விருந்தினர் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் துணிக்கு 'எழினி'. அதில் ஒரு பக்கம் இழுக்கும் ஒருமுகமா, இரு பக்கமும் இழுக்கும் பொருமுகமா என்று பார்த்தால்...

மீ.:
ஐயா, அது 'தடுப்புத்திரை' என்று படத்தில் ஏறிவிட்டது. கண்டம் என்றால் மாணவர்கள் ஆசியா, ஆப்பிரிக்கா என்பார்கள்.

ந.:
பாடத்தின் கடைசிப் பத்தியையும் பாருங்கள். வெள்ளாட்டு மேய்ச்சலைக் கட்டுப்படுத்த 1950-இல் இஸ்ரேல் போட்ட சட்டம் 2018-இல்தான் நீங்கியது. அங்கே நெகேவ் பாலைவனத்துப் பெடோயின்களில் பலர் கான்கிரீட் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விருந்தினருக்கான 'ஷிக்' தனிக் கட்டடமாகவோ பக்கத்துக் கூடாரமாகவோ நிற்கிறது. அதன் கூரை பெரும்பாலும் கடைத் துணி. அதையும் 'ஆட்டுமயிர்' என்பீர்களா?

செ.:
மாட்டேன். அதற்காகத்தான் தனிப்பெயர் வேண்டும் என்கிறேன். பாலித்தீன் விரிப்பு ஒழுகாது. ஆனால் வெப்பத்தை அடைத்துவைக்கும், குளிரில் உட்புறம் நீர் கோக்கும். பழையதற்கு 'ஆட்டுமயிர்க் கூடாரம்', புதியதற்கு வெறும் 'கூடாரம்'.

மீ.:
சரி, இதோடு நிறுத்துவோம். முதல் இடத்தில் 'பைத் அல்-ஷஅர்', பிறகு 'ஆட்டுமயிர்க் கூடாரம்'. செ., நான், அரைமனதாக ந. – மூவர்.

இரா.:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஒன்றையாவது திருத்துங்கள்: 'ஆடு' என்றால் செம்மறியும் அடங்கும். செம்மறிக் கம்பளி நனைந்தால் நீண்டு தொய்யும். அது தடுப்புத்திரைக்குச் சரி, கூரைக்கு ஆகாது. 'வெள்ளாட்டுமயிர்' என்று போடுங்கள்.