[கலைச்சொல்] 'ட்ரேட்': லேக்கர்ஸ் வினாவிடைக்கு ஒரு சொல் வேண்டும்

நி. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வினாவிடைச் செயலிக்கு அமெரிக்கக் கூடைப்பந்துக் கேள்விகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். இப்போது கையில் இருப்பது, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி 'ட்ரேட்' மூலம், அதாவது தன்னிடம் இருப்பதைக் கொடுத்து வேறு அணியிடமிருந்து, பெற்ற வீரர்களைப் பற்றிய தொகுப்பு. கேள்விக்குக் கேள்வி அந்தச் சொல் வருகிறது. 'பரிமாற்றம்' என்று போட்டு அனுப்பினேன். சரிபார்ப்பவர் "யார் யாருக்கு என்ன பரிமாறினார்கள்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்.

மாதிரிக்குச் சில:

1968இல் மூன்று பேரைக் கொடுத்து ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து லேக்கர்ஸ் பெற்ற நெடியவர் யார்? (வில்ட் சேம்பர்லின்.)

1975இல் மில்வாக்கியிலிருந்து கரீம் அப்துல் ஜப்பார் வந்தபோது கூடவே வந்த இன்னொருவர் யார்? (வால்ட் வெஸ்லி. இதற்கு யார் பதில் சொல்லப்போகிறார்களோ.)

1996இல் கோபி பிரையன்டுக்கு ஈடாக ஷார்லட் அணிக்குப் போனவர் யார்? (விளாடே டிவாட்ஸ்.)

ஆளுக்கு ஆள், ஆளுக்குப் பணமும் ஆளும், ஆளுக்கு வருங்காலத் தேர்வுரிமை (ஆண்டுதோறும் புதுமுக வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை) என்று எல்லாமே இதில் உண்டு. மூன்று அணிகள் சேர்ந்து செய்வதும் உண்டு. எல்லாவற்றையும் தாங்கும் ஒரே சொல், வினையாகவும் பெயராகவும் வளைய வேண்டும். உதவுங்கள்.

ர. எழுதியது:

'கைமாற்று' போடலாமே. கை மாறுகிறது, அவ்வளவுதானே. சின்னச் சொல், பொத்தானிலும் அடங்கும்.

மு. எழுதியது:

ர. தம்பி, கைமாத்து என்றால் எங்கள் ஊரில் வட்டியில்லாக் கடன். 'லேக்கர்ஸ் கரீமைக் கைமாற்றாக வாங்கியது' என்று போட்டால், எப்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அவர் 1989இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார்.

ஆனால் சொல்லை வீணாக்க வேண்டாம். கால்பந்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஆட்டக்காரரை வேறு கிளப்புக்கு இரவல் கொடுப்பார்கள் அல்லவா, அதற்குக் கைமாற்று கச்சிதம். எடுத்து வையுங்கள்.

நான் பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் 'ட்ரேட்' என்றுதான் சொல்கிறார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சென்னை சஞ்சு சாம்சனை வாங்கியபோது வீட்டுப் பெரியவர்கள்கூட 'ட்ரேட்' என்றே சொன்னார்கள். புரிந்த சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பேரா. அ. எழுதியது:

அன்பு நி., அன்பு மு.,

டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதை ஒருமுறை நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன்.

'பரிமாற்றம்' வேண்டாம் என்று நானும் சொல்வேன், காரணம் வேறு. அந்தப் 'பரி' நம்முடையதா வடமொழி முன்னொட்டா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. வழக்கில் இருக்கும் சொத்தில் வீடு கட்டக்கூடாது.

பழைய சொல் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது: நொடுத்தல். ஒன்றை விற்று வேறொன்றைக் கொள்வது. 'மீன் நொடுத்து நெற் குவைஇ' என்பது புறநானூறு (343). மீனைக் கொடுத்து நெல்லைப் பெறுகிறார்கள். பெயர்ச்சொல் நொடை. 'டிவாட்ஸை நொடுத்துக் கோபியைக் கொண்டது லேக்கர்ஸ்.' எவ்வளவு சுருக்கம் பாருங்கள். வினையும் உண்டு, பெயரும் உண்டு. நி. கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன.

ர. எழுதியது:

ஐயா, 'நொடை' என்று பார்த்தால் பாதிப் பேர் 'நொட்டை' என்று படிப்பார்கள். "கோபி நொட்டை" என்று செயலியில் வந்தால் அன்றைக்கே ஒற்றை நட்சத்திரம் போட்டு அழித்துவிடுவார்கள்.

சே. எழுதியது:

விளையாட்டுப் பக்கம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் அவசரத்துக்கு 'டிரேடிங் முறையில்' என்று போடுவோம், கொஞ்சம் நேரம் இருந்தால் 'வீரர்கள் பரிமாற்றம்'. இதுவரை எந்த வாசகரும் இலை போடச் சொல்லிக் கேட்கவில்லை.

சொல்லைவிடப் பொருள்தான் சிக்கல். ஐபிஎல்லில் ட்ரேட் நடக்க வீரரின் சம்மதம் வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பெரும்பாலும் வேண்டாம். ஒப்பந்தத்திலேயே தனியாகத் தடை எழுதி வாங்கியவர்கள் போன்ற சிலருக்குத்தான் மறுக்கும் உரிமை. டிவாட்ஸுக்கு ஷார்லட் போக மனமே இல்லை. அனுப்பினால் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார், அப்புறம் இறங்கி வந்தார். அவர் மட்டும் பிடிவாதமாக நின்றிருந்தால் கோபி ஷார்லட்காரராகவே ஆகியிருக்கலாம். கோபிக்கு அப்போது 17 வயது. லேக்கர்ஸ் ஒப்பந்தத்தில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அதனால் 'பரிமாற்றம்' கொஞ்சம் அதிக மரியாதையான சொல். நடப்பது பண்டமாற்று. அப்படியே போட்டால் என்ன?

நி. எழுதியது:

சே. அண்ணா, மனிதர்களைப் பண்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சே. எழுதியது:

எழுதவே கை வரவில்லை. அவர்கள் செய்கிறார்களே. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் வழக்குப் போட்டதே, வீரர்களை ஒரே அணியோடு கட்டிப்போடுகிறார்கள் என்றுதான். 1976இல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குப் போகும் வழி மெல்லத் திறந்தது. ட்ரேட் மட்டும் அப்படியே இருக்கிறது.

யோ. எழுதியது (யாழ்ப்பாணம்):

வணக்கம். தாமதமாக வருகிறேன்.

எங்கட பக்கம் ஒரு வீட்டு அண்ணன் தங்கையையும் இன்னொரு வீட்டு அண்ணன் தங்கையையும் மாறி மாறிக் கட்டி வைப்பதை மாற்றுச் சம்பந்தம் என்பார்கள். 2008இல் லேக்கர்ஸும் மெம்ஃபிஸும் செய்தது கிட்டத்தட்ட அதுதான். பாவ் கசோல் என்ற அண்ணனை எடுத்தார்கள், அவருடைய தம்பி மார்க் கசோலின் உரிமையைக் கொடுத்தார்கள். மார்க் அதற்கு முந்தைய ஆண்டுப் புதுமுகத் தெரிவில் 48ஆவது ஆளாகத் தெரிவானவர், அமெரிக்காவில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. லேக்கர்ஸ் பாவை வைத்துக்கொண்டு 2009, 2010 இரண்டு கிண்ணமும் எடுத்தது. எல்லோரும் மெம்ஃபிஸ் ஏமாந்துவிட்டது என்று சிரித்தார்கள். தம்பி 2013இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனபிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

இன்னும் ஒன்று, இதையும் நி. கேள்வியாகச் சேர்க்கலாம். மார்க் 2020இல் லேக்கர்ஸில் சேர்ந்தார். 2021 செப்டெம்பரில் லேக்கர்ஸ் அவரை மறுபடி மெம்ஃபிஸுக்கே அனுப்பியது. ஒரே ஆளை, ஒரே அணிக்கு, இரண்டு தரம்.

ஆகவே என் தெரிவு: மாற்று. 'வீரர் மாற்று'. மூன்று அணி என்றால் முத்தரப்பு மாற்று. 'தேர்வுரிமை'யை விட 'தெரிவுரிமை' நல்லது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு என்றால் பிள்ளைகளுக்குச் சோதனை ஞாபகம் வரும்.

மு. எழுதியது:

'மாற்று வீரர்' என்றால் பெஞ்சில் இருந்து இறங்குகிறவர். நான் தினமும் மைதானத்தில் கத்துகிற சொல். 'வீரர் மாற்று', 'மாற்று வீரர்' இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பையன்கள் குழம்புவார்கள்.

ர. எழுதியது:

அப்படியானால் 'அணிமாற்றம்'?

சே. எழுதியது:

ஷகில் ஓ'நீலும் 1996இல் அணி மாறித்தான் லேக்கர்ஸ் வந்தார். லெப்ரான் 2018இல் மாறி வந்தார். இருவரும் ட்ரேட் இல்லை, ஒப்பந்தம் முடிந்து தாமாக வந்தவர்கள். இந்த வினாவிடையில் ஆளைக் கவிழ்க்கிற கேள்வியே அதுதான். அணிமாற்றம் என்று போட்டால் ஷாக்கும் சரியான விடை ஆகிவிடுவார்.

பேரா. அ. எழுதியது:

நொடையை நிராகரித்துவிட்டீர்கள். வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

நி. முதல் மடலிலேயே தன்னையறியாமல் ஒரு சொல் எழுதியிருக்கிறார்: 'கோபி பிரையன்டுக்கு ஈடாக'. ஈடு! இடு என்ற முதனிலை நீண்டு ஈடு ஆயிற்று. படு பாடு, கெடு கேடு, சுடு சூடு போல. ஒப்பு என்ற பொருளும் உண்டு, பதில் என்ற பொருளும் உண்டு. என்பிஏவில் அனுப்பும் வீரர்களின் சம்பளமும் பெறும் வீரர்களின் சம்பளமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்று என் பெயரன் சொன்னான். கேட்டதும் பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது: 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது'. காவிரிப்பூம்பட்டினத்து வணிகருக்குச் சொன்னதை நியூயார்க்கில் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக, 'ஈடுமாற்று'. வினை: ஈடுமாற்றிப் பெறுதல்.

ஒரு கொப்பரை இட்லியை 'ஒரு ஈடு' என்பதும் இதே இடு வேரிலிருந்து வந்ததே. ஒரு தடவை இட்டு எடுப்பது. இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

சே. எழுதியது:

ஐயா, பெயரன் சொன்னது சரி. ஆனால் விதி கொஞ்சம் மிகை கொள்ள விடும், ஒரு வரம்பு வரை. அந்த வரம்புக்குள் கணக்கைக் கொண்டுவர என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு அதே கசோல் விவகாரத்தில் ஏரன் மெக்கி இருக்கிறார். ஆடுவதை விட்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவில் பயிற்சியாளர்களுக்குச் சம்பளமில்லாமல் உதவிக்கொண்டிருந்தார். லேக்கர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, உடனே மெம்ஃபிஸ் பக்கம் தள்ளிவிட்டது. அவருடைய சம்பள எண் மட்டும்தான் தேவைப்பட்டது. கொடுப்பதில் குறை தெரியாமல் இருக்க ஒரு ஆளையே இட்டு நிரப்பினார்கள். உங்கள் 'இடு' அங்கே நன்றாகவே பொருந்துகிறது.

யோ. எழுதியது:

எங்களுக்கு நகை வைத்தால் அடைவு, காணி வைத்தால் ஈடு. ஈடு வைத்தால் மீட்க வேண்டும். 'ஈடுமாற்று' என்றால் காணி உறுதி எழுதுகிற இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மு. எழுதியது:

எனக்கு இட்லி ஞாபகம்தான் வருகிறது. பேராசிரியர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பேன்.

நி. எழுதியது:

நாளைக்கு வெள்ளி. இன்னும் இரண்டு கேள்விகள் உயிரை எடுக்கின்றன.

ஒன்று, லூக்கா டோன்சிச். 2025 பிப்ரவரியில் ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தெரிவுரிமை எல்லாம் டல்லஸுக்குப் போயின. யூட்டா மூன்றாவது அணியாக உள்ளே வந்தது. இது முத்தரப்பு என்று தீர்ந்துவிட்டது. யோ.வுக்கு நன்றி.

இரண்டாவது, மேஜிக் ஜான்சன். 1976இல் கெயில் குட்ரிச் லேக்கர்ஸிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் ஜாஸுக்குப் போனார். அதற்குப் பதிலாக ஜாஸின் 1979ஆம் ஆண்டுத் தெரிவுரிமை லேக்கர்ஸுக்கு வந்தது. ஜாஸ் தோற்றுத் தோற்றுக் கடைசிக்குப் போக, கடைசியில் நிற்கும் அணிகளுக்கே தெரிவில் முன்னுரிமை என்பதால் அந்த உரிமை முதலிடத்துக்கான போட்டிக்கு வந்துவிட்டது. சிகாகோவோடு நாணயம் சுண்டினார்கள், சிகாகோ தலை கேட்டது, பூ விழுந்தது. லேக்கர்ஸ் மேஜிக்கை எடுத்தது. இது ட்ரேடா இல்லையா?

சே. எழுதியது:

கண்டிப்பாக இல்லை. குட்ரிச் ஒப்பந்தம் முடிந்து போனவர். அப்போது அப்படிப் போனால் பழைய அணிக்குப் புதிய அணி ஏதாவது ஈட்டுத்தொகை மாதிரி தர வேண்டும் என்று விதி. ஜேம்ஸ் வொர்தி வந்த கதைதான் ட்ரேட். 1980இல் டான் ஃபோர்டையும் ஒரு முதல் சுற்று உரிமையையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து, புட்ச் லீயையும் 1982ஆம் ஆண்டு உரிமையையும் வாங்கினார்கள். 1982இல் லேக்கர்ஸ் சாம்பியன், அதே கோடையில் முதல் தெரிவும் லேக்கர்ஸ் கையில். வேறு எந்த நடப்புச் சாம்பியனுக்கும் அப்படி வாய்த்ததில்லை.

பேரா. அ. எழுதியது:

'ஈட்டுத்தொகை' என்று சே. அவர்களே எழுதிவிட்டார்! மேஜிக் ஈட்டால் வந்தார், வொர்தி ஈடுமாற்றால் வந்தார். ஒரே வேரில் இரண்டு சொல், வேறுபாடும் தெளிவு. வேறென்ன வேண்டும்?

நாணயம் சுண்டியதைப் படித்ததும் உத்தரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வந்தது. 1985இலிருந்து அவர்களும் நாணயத்தை விட்டுவிட்டுக் குலுக்கலுக்கு வந்துவிட்டதாகப் பெயரன் சொல்கிறான். அந்தக் குலுக்கலுக்கு 'குடவோலை' என்றே பெயர் வைக்க முன்மொழிகிறேன்.

ர. எழுதியது:

குடவோலைக்கு என் ஓட்டு. மற்றதற்கு 'வீரர் பரிமாற்றம்' போதும். 'வீரர்' முன்னால் நின்றால் சாப்பாடு ஞாபகம் வராது. பத்திரிகையிலும் அதுதான் இருக்கிறது.

மு. எழுதியது:

முதல் தடவை வருமிடத்தில் பக்கத்திலேயே 'ட்ரேட்' என்றும் போட்டுவிட்டால் எனக்கும் சரி.

யோ. எழுதியது:

மாற்று என்பதுதான் என் எண்ணம். ஆனால் சண்டை பிடிக்க நேரமில்லை. பரிமாற்றமே இருக்கட்டும்.

நி. எழுதியது:

அனுப்பிவிட்டேன். 'வீரர் பரிமாற்றம்', முதல் இடத்தில் மட்டும் 'ட்ரேட்'. வினைக்கு 'கொடுத்துப் பெற்றது'. ஸ்டீவ் நாஷ் 2012இல் ஃபீனிக்ஸிலிருந்து வந்தாரே, ஒப்பந்தமும் ட்ரேடும் ஒரே மூச்சில், அதற்குச் சொல் கிடைக்காமல் இரண்டு வாக்கியமாக விரித்து எழுதினேன். சரிபார்ப்பவர் இந்தத் தடவை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. குடவோலை தங்கவில்லை, மன்னிக்கவும் ஐயா. மேஜிக் கேள்வியை எடுத்துவிட்டேன், ட்ரேட் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றால் தொகுப்பில் இடமில்லை.

சே. எழுதியது:

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டீர்களா? தொகுப்பிலேயே நல்ல கேள்வி அது ஒன்றுதான்.

பேரா. அ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மறுப்பு குழுவின் ஏட்டில் பதிவாகட்டும். 'பரி' பற்றிய மடல் திங்களன்று வரும், இட்லி பற்றியது அதன் பின்.